ரீச்சர், நீங்கள் வாங்க நினைக்கும் தங்கம் உங்களிடமே இருக்கிறது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61, சாவகச்சேரியில் இருக்கிறேன். பணிக்கொடையாகக் கிடைத்த 24 இலட்சம் ரூபாயை ஒரே வங்கியில் 7.5 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அது முதிர்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி, "காசாக வைத்திருந்தால் 2022 மாதிரித் திரும்பவும் கரைந்துபோகும், முழுவதையும் எடுத்துத் தங்கம் வாங்கு அக்கா" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறான். மாதம் 200 கனடா டொலர் அனுப்புகிறவனும் அவன்தான். சின்ன மகளுக்கு இரண்டு வருடத்தில் கல்யாணம் செய்யலாம் என்று நினைக்கிறோம். அவளுக்கென்று வைத்திருந்த 5 பவுன் நகையை, 2022 ஆடியில் கணவரின் சத்திரசிகிச்சைக்காக 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு அடகு வைத்தோம். இன்னும் மீட்கவில்லை. முதல் வருடம் 26 சதவீத வட்டி, இப்போது 14. வருடா வருடம் வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். வைப்பை எடுத்துத் தங்கம் வாங்கலாமா? அரசாங்கத்துக்குத் திரும்பவும் நெருக்கடி வந்தால் வங்கிக் காசில் கை வைப்பார்களா? வாங்குவதென்றால் நகையா, பிஸ்கட்டா?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அடகில் இருக்கும் அந்த 5 பவுன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் பாருங்கள். வைப்பில் இருக்கும் காசுக்கு வங்கி உங்களுக்கு 7.5 சதவீதம் தருகிறது. அடகுக் கடனுக்கு நீங்கள் 14 சதவீதம் கட்டுகிறீர்கள். 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு வருடம் 77,000 ரூபாய் போகிறது. அதே தொகை வைப்பில் கிடந்து உழைப்பது 41,250. உங்கள் காசையே ஒரு யன்னலில் கொடுத்துவிட்டு, மற்ற யன்னலில் ஏறக்குறைய இரு மடங்கு வட்டிக்குத் திருப்பி வாங்குகிறீர்கள். வருடத்துக்கு 35,000 ரூபாய்க்கு மேல் சும்மா போகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 இல் பவுனுக்கு 1 இலட்சத்து 10 ஆயிரம் கணக்கில் கடன் எடுத்தீர்கள். 2025 பிற்பகுதி விலையில் 22 கரட் பவுன் ஏறக்குறைய 3 இலட்சம் ரூபாய். பழைய நகைக்கான கழிவு போனாலும் அந்த ஐந்து பவுனும் 13, 14 இலட்சம் பெறும். வைப்பில் 5 இலட்சத்து 50 ஆயிரத்தை எடுத்து நகையை மீட்டால் உங்களிடம் 18 இலட்சத்து 50 ஆயிரம் காசும், 13, 14 இலட்சத்துக்குத் தங்கமும் இருக்கும். சேமிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்கெனவே தங்கம்தான். தம்பி வாங்கச் சொல்லும் தங்கம் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள், உங்கள் பெயர் எழுதிய உறைக்குள் கிடக்கிறது. புதிதாக ஒரு குண்டுமணி வாங்க முதல் அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தம்பியை நான் பிழை சொல்ல மாட்டேன். அவர் சொல்வதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் பட்ட பாடு இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தில் இருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது அம்மா நாலு காப்பையும் ஒரு சங்கிலியையும் பழைய துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டுதான் நடந்தார். மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் அசையவே இல்லை. விடியும்போது உங்கள் ஊருக்குத்தான் வந்து சேர்ந்தோம். அந்தக் காப்புகளில் ஒன்றை விற்றுத்தான் முதல் மூன்று மாதம் சாப்பிட்டோம். வீடு வரவில்லை, காணி வரவில்லை, தங்கம் வந்தது. அதனால் தங்கம் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. எவ்வளவு, எதற்காக, எந்த நேரத்தில் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

2022 இல் உண்மையில் என்ன நடந்தது என்று ஒருதரம் நிதானமாகப் பார்ப்போம். தம்பியின் பயத்துக்கு அதில்தான் பதில் இருக்கிறது.

ஒரு பவுன் என்றால் 8 கிராம். 22 கரட் பவுனில் சுத்தத் தங்கம் 7.33 கிராம் அளவு. உலகச் சந்தை விலை ஓர் அவுன்ஸுக்கு, அதாவது 31.1 கிராமுக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் அவுன்ஸ் 1,950 டொலருக்குக் கிட்ட. அந்தக் கணக்கில் ஒரு பவுனின் பெறுமதி சுமார் 460 டொலர். உத்தியோகபூர்வ விலையில் டொலர் 200 ரூபாய்ப்படி 92,000 ரூபாய். மே நடுப்பகுதியில் உலகச் சந்தையில் தங்கம் 1,850 அளவுக்கு இறங்கியிருந்தது. பவுன் 436 டொலர்தான். ஆனால் டொலர் 360 ரூபாய். அப்போ பவுன் 157,000 ரூபாய். இது வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராத வெறும் கணக்கு.

தங்கம் ஏறியதென்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். தங்கம் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. எங்கள் ரூபாய்தான் விழுந்தது. இலங்கையில் ஒருவர் தங்கம் வாங்கும்போது பாதிக்கு மேல் அவர் வாங்குவது டொலரைத்தான்.

ரூபாய் ஏன் விழுந்தது? அரசாங்கத்தின் வரவு செலவுதான் முதல் காரணம். 2019 முடிவில் பெறுமதி சேர் வரியை 15 இல் இருந்து 8 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். வேறு வரிகளையும் எடுத்துவிட்டார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் 11, 12 சதவீதமாக இருந்த வரி வருமானம் 8 சதவீதத்துக்கு வந்தது. அதற்குள் கொரோனா வந்து உல்லாசப் பயணிகளும் இல்லை, வெளிநாட்டில் கடன் தரவும் ஆள் இல்லை. செலவு மட்டும் குறையவில்லை. இடைவெளியை நிரப்ப மத்திய வங்கி காசு அடித்தது. அரசாங்கத்துக்குக் கொடுத்து அது வாங்கி வைத்த கடன் பத்திரங்கள் 2021 முடிவில் ஒரு டிரில்லியன் ரூபாயைத் தாண்டியிருந்தன. ஒருபுறம் இவ்வளவு ரூபாயை அடித்துக்கொண்டு, மறுபுறம் டொலர் 203 ரூபாய்தான் என்று பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் உண்டியல்காரர்கள் (வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசை மாற்றித் தருபவர்கள்) அப்போதே 240, 250 கொடுத்தார்கள். வெளிநாட்டுக் காசு வங்கிப் பக்கம் வருவதை நிறுத்தியது அதனால்தான்.

அந்த நேரத்தில் மத்திய வங்கி செய்த ஒரு காரியத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதன் கையிருப்பில் 382 மில்லியன் டொலருக்கு இருந்த தங்கம் 2021 டிசம்பரில் 175 மில்லியனாகக் குறைந்தது. கைச்செலவுக்கு டொலர் இல்லாமல் பாதிக்கு மேல் விற்றுவிட்டார்கள். நெருக்கடிக்கென்று வைத்த நகையை நெருக்கடி முற்றுவதற்கு முதலே விற்ற வீடு மாதிரி. 2022 மார்ச் 7 இல் ரூபாயைப் பிடித்து வைப்பதைக் கைவிட்டார்கள். ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம்.

நான் அப்போது வங்கியில் அடகுப் பிரிவில் இருந்தேன், ஓய்வுக்கு முந்திய வருடம். காலை எட்டரைக்குக் கதவு திறக்க முதலே வரிசை நிற்கும். மே மாதத்தில் ஒரு நாள் மீன்பிடிக்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் மூன்று கிழமை வள்ளம் இறக்கவில்லை. அந்தப் பிள்ளை தோட்டைக் கழற்றித் தட்டில் வைத்தது. உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அமிலம் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தேன். மூன்றரைக் கிராம். கையெழுத்து வைக்கும்போது அந்தப் பிள்ளை கேட்டது, "ஐயா, இது திரும்பிக் கிடைக்கும்தானே?" கிடைக்கும் என்றேன். அந்த வருடம் வட்டி இருந்த உயரத்துக்கு அப்படிச் சொல்ல எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தத் தோட்டுக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் நினைப்பேன். உங்கள் கடிதத்தில் அடகு என்ற சொல்லைக் கண்டதும் இவ்வளவு நீளமாக எழுதத் தொடங்கியது அதனால்தான்.

தங்கம் ஒரு வழியில் மட்டும் போகும் என்று நம்புகிறவர்களுக்கு அதே மேசையில் நான் கண்ட இன்னொரு வருடத்தைச் சொல்கிறேன். 2011 செப்ரெம்பரில் தங்கம் அவுன்ஸ் 1,900 டொலரைத் தாண்டியது. எங்கள் வங்கிகள் போட்டி போட்டு அடகுக் கடன் கொடுத்தன. 2013 ஏப்ரலில் இரண்டே வேலை நாளில் அவுன்ஸுக்கு 200 டொலர் சரிந்தது. நகையின் விலையை விடக் கடன் கூட. ஆட்கள் மீட்க வரவில்லை. "நகையை நீங்களே வைத்திருங்கோ" என்று பற்றுச்சீட்டைத் தந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. வங்கிகளுக்குப் பெரிய அடி. கடைசியில் மத்திய வங்கி உத்தரவாதத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டி வந்தது. 2015 முடிவில் அவுன்ஸ் 1,050 டொலருக்கு வந்து நின்றது. அந்த நாலு வருடத்தில் ரூபாயும் டொலருக்கு 110 இல் இருந்து 144 க்கு இறங்கியிருந்தது. அப்படியும் தங்கம் வைத்திருந்தவருக்கு ரூபாய்க் கணக்கிலேயே நட்டம். 2011 இன் விலையை டொலரில் திரும்பக் காண 2020 வரை ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டி இருந்தது.

2022 மேயில் பயந்துபோய் வாங்கியவர்களையும் பாருங்கள். ஒரு வருடத்தில் ரூபாய் 300 அளவுக்குத் திரும்பியது. மேலே போட்ட அதே கணக்கில் 157,000 க்கு வாங்கிய பவுன் 2023 யூனில் 137,000. அதே காலத்தில், 2022 பிற்பகுதியில், 91 நாள் திறைசேரி உண்டியலுக்கு அரசாங்கம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது. (இது காசு அனுப்பும் உண்டியல் இல்லை ரீச்சர், அரசாங்கம் குறுகிய காலத்துக்கு எடுக்கும் கடன் பத்திரம்.) பயம் உச்சத்தில் இருக்கும்போது வாங்கும் தங்கம் அனேகமாக விலை கூடிய தங்கம்.

சரி, இப்போதைய ஏற்றம்? இது ரூபாயால் வந்ததில்லை. 2025 இலும் டொலர் 300 ரூபாயைச் சுற்றியே நின்றது. இந்த முறை தங்கமேதான் ஏறியது. 2022 இல் ரஷ்யாவின் கையிருப்பில் ஏறக்குறைய 300 பில்லியன் டொலரை மேற்கு நாடுகள் முடக்கிய பிறகு, மற்ற நாடுகளின் மத்திய வங்கிகள் டொலரை மட்டும் நம்பி இருக்கப் பயந்து, 2024 வரை ஒவ்வொரு வருடமும் 1,000 தொன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அமெரிக்க அரசாங்கத்தின் கடன் 38 டிரில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு நடந்ததைப் போன்ற ஒரு சந்தேகம், வேறு அளவில், டொலர் மேலேயே வந்திருக்கிறது. 2025 ஒக்டோபரில் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதே மாதம் 21 ஆம் திகதி ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இன்னும் ஏறலாம், இறங்கவும் செய்யலாம். ஆனால் 61 வயதில், பணிக்கொடை முழுவதையும் வரலாற்றிலேயே கூடிய விலைப் பக்கத்தில் ஒரே நாளில் போடுவதை நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். தங்கம் மாதம் மாதம் வட்டி தராது. மருந்துக்குக் காசு வேண்டுமென்றால் திரும்பவும் அடகுதான்.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அவர் அனுப்பும் 200 கனடா டொலர் 2022 மார்ச் முதல் கிழமையில் 32,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மே நடுவில் அதே 200 டொலர் 56,000 க்குக் கிட்ட. ரூபாய் விழுந்தபோது உங்கள் வீட்டுக்கு வரும் காசு தானாகவே கூடியது. ரூபாய்க்கு எதிரான காப்பு உங்களுக்கு ஏற்கெனவே அவர்தான். ஒவ்வொரு மாதமும் வருகிறது, செய்கூலியும் இல்லை, கழிவும் இல்லை.

வங்கிக் காசில் கை வைப்பார்களா என்ற பயத்துக்கும் பதில் சொல்கிறேன். 2023 யூன் முடிவில் அரசாங்கம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, அதாவது திருப்பிக் கட்டும் விதத்தை மாற்றியபோது, வங்கிகள் ஐந்து நாள் தொடர்ந்து மூடியிருந்தன. அந்த ஐந்து நாளும் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. கடைசியில் வைப்பாளரின் காசைத் தொடவில்லை. பொதுமக்கள் வைத்திருந்த திறைசேரி உண்டியலையும் தொடவில்லை. சுமை போய் விழுந்தது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வூதிய நிதிகள்மேல். தனியார் துறையில் உழைத்தவர்களின் முதுமைக்கால வட்டியைக் குறைத்துத்தான் கணக்கைச் சரிக்கட்டினார்கள். அது நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் இருக்கிறது.

வைப்பில் இருந்தவர்களுக்கு நட்டம் வந்தது வேறு வழியால். காசு எண்ணிக்கையில் அப்படியே இருந்தது, அதால் வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்தது. அது திரும்ப வருமா என்று அறிய நகைக்கடை விலைப்பலகையைப் பார்க்காதீர்கள். அரசாங்கம் வரியைத் திடீரென்று தாராளமாகக் குறைக்கிறதா? மத்திய வங்கி திரும்பக் காசு அடிக்கிறதா? 2023 இல் வந்த மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்தின் பத்திரங்களை அது நேரடியாக வாங்குவதைத் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தைத் தளர்த்தப் பேச்சு எழுந்தால் அன்றைக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் விட நல்ல அறிகுறி, வங்கி சொல்லும் டொலர் விலைக்கும் உண்டியல்காரர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி. 2021 இல் அது எங்களுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே சொன்னது. 2025 இல் அந்த நிலை இல்லை. அந்த வருடம் பணவீக்கம் மிகக் குறைவு, கையிருப்பு 6 பில்லியன் டொலர் அளவில் நின்றது. 2028 இல் இருந்து வெளிநாட்டுக் கடன் கட்டும் சுமை கூடும் என்பதால் கண்ணை முழுதாக மூடவும் கூடாது.

இனி உங்கள் 24 இலட்சம். முதிரும் அன்றே 5 இலட்சத்து 50 ஆயிரத்தில் நகையை மீட்டுவிடுங்கள். 3 இலட்சத்தைச் சேமிப்புக் கணக்கிலோ மூன்று மாத வைப்பிலோ விடுங்கள், அது வைத்தியச் செலவுக்கும் திடீர்ச் செலவுக்கும். மிச்சம் 15 இலட்சத்து 50 ஆயிரத்தை ஒரே வங்கியில் வைக்காதீர்கள். வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான். இன்று உங்கள் 24 இலட்சமும் ஓரிடத்தில் இருப்பதால் 13 இலட்சத்துக்குக் காப்பு இல்லை. இரண்டு வங்கிகளில் பிரித்து, முதிரும் மாதம் வேறு வேறாக இருக்கும்படி போடுங்கள். மூத்த பிரஜைகளுக்கான கூடுதல் வட்டி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். வட்டியில் 10 சதவீதம் வரி கழிப்பார்கள். உங்கள் ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டினாலும் வருடம் 18 இலட்சத்துக்குக் கீழே இருந்தால் அதற்கான பிரகடனப் படிவத்தைக் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம்.

மகளுக்கு இன்னும் இரண்டு பவுன் சேர்க்க ஆசை என்றால் சேருங்கள், அது முதலீடு இல்லை, சீர். அதற்கென்று இரண்டு பவுனுக்கான காசை வைப்பில் தனியாக ஒதுக்கி, நாலு ஐந்து மாதத்துக்கு ஒருமுறை அரைப் பவுன் நாணயமாக வாங்குங்கள். இப்போதே நகையாகச் செய்தால் செய்கூலி, கழிவு என்று கொடுக்கும் காசு விற்கும்போது திரும்பி வராது. கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது மகள் விரும்பும் மாதிரியில் செய்வித்தால் போதும். கரட், நிறை, கிராம் விலை மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம், அவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். பிஸ்கட் வேண்டாம். உங்கள் தேவைக்கு அது பெரிய துண்டு, கொஞ்சம் காசு தேவைப்பட்டாலும் முழுவதையும் விற்க வேண்டி வரும்.

மீட்கப் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடகுச் சீட்டின் முடிவுத் திகதி தாண்டியிருந்தால் ஏல அறிவித்தல் வரக்கூடும், அதனால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உறையை உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லி, ஒவ்வொரு உருப்படியாகத் தராசில் வைத்து, சீட்டில் இருக்கும் நிறையோடு ஒத்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில், அப்படிக் கேட்டு வாங்கியவர்களை எனக்கு நல்லாகப் பிடிக்கும்.